ஆறுதல் இரைச்சல்

அக்காவிடம் எதைக் கேட்டாலும் நேரான பதில் வராது. நெற்றியில் பாரிமுனை என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டு பஸ் வந்து நிற்கும். "இது பாரிஸ் கார்னர் போகுமாக்கா?" என்று யாராவது கேட்டால், "போகலாம்" என்பார். வழியில் ரயில்வே கேட் மூடியிருக்கலாம், டயர் வெடிக்கலாம், டிரைவருக்கே மனசு மாறலாம். இத்தனையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அந்த 'போகலாம்' வரும். கேட்ட ஆள் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் தண்டையார்பேட்டைக்காரி. எங்கள் வீட்டில் உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் கதவைச் சாத்திவிடுவோம். இப்படி ஒருவரோடு எப்படித்தான் அத்தனை வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தேனோ தெரியவில்லை. என் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தபோதும், "வர வாய்ப்பு நெறைய இருக்குடி" என்றுதான் வாங்கிக்கொண்டார். கடைசியில் முதல் ஆளாக வந்து நின்று, என் அம்மாவோடு சேர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

காசிமேட்டில் எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் பூங்காவனம் அவரை நேராகவே கேட்டுவிடுவாள்.

"இன்னா டீச்சர், வாங்குவியா மாட்டியா? எப்பப் பாத்தாலும் பாக்கலாம் பாக்கலாம்னுகினு."

"செவுளு செவப்பாத்தான் இருக்கு. நல்ல மீனா இருக்கலாம்."

"இருக்கலாமா? கடல்லேர்ந்து இப்பதான் எறங்கிச்சி. நீ இன்னா, மீனுகிட்டயே கேட்டுட்டு வாங்குவியா?"

அக்கா சிரித்துக்கொண்டே வாங்குவார். முன்பு ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர் என்பதால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். எனக்கு மட்டும் அக்கா.

நாங்கள் வேலை பார்த்தது ராயபுரத்தில், பழைய கிடங்கு ஒன்றின் மாடியில். கீழே மூட்டைகள், மேலே கம்ப்யூட்டர்கள். கம்பியில்லாத தொலைபேசி செய்கிற சின்னக் கம்பெனி. புது நூற்றாண்டு பிறந்திருந்த சமயம் அது. தெருவைத் தோண்டிக் கேபிள் போடாமல், எங்கள் மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனாவையும் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டியையும் வைத்துப் பேச வைக்கிற ஏற்பாடு. அதில் குரலைக் கவனிக்கிற பகுதி எங்கள் இருவருடையது.

அந்த வேலை என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அக்காவைப் புரியாது. போனில் பேசும்போது பாதி நேரத்துக்கு மேல் நாம் பேசுவதே இல்லை. எதிராளி சொல்வதைக் கேட்கிறோம், யோசிக்கிறோம், இருமுகிறோம். அப்போது நம் பக்கத்திலிருந்து போவது ஃபேன் சத்தமும் தெருச் சத்தமும்தான். அதையும் காற்றில் அனுப்பிக்கொண்டிருந்தால் அந்தப் பாதையில் இன்னொருவர் பேச இடமிருக்காது. அதனால் செட் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பெட்டிக்குள் ஒரு புரோகிராம், கண் இமைப்பதற்குள் பலமுறை, இப்போது வருவது பேச்சா இரைச்சலா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பேச்சு என்றால் அனுப்பும், இரைச்சல் என்றால் நிறுத்திவிடும். எப்படிக் கண்டுபிடிக்கும்? பேச்சு ஏறி இறங்கி மாறிக்கொண்டே இருக்கும். இரைச்சல் ஒரே மாதிரி நீண்டுகொண்டே போகும். அதிலும் எதுவும் நிச்சயமில்லை. பேச்சாக இருக்க இவ்வளவு வாய்ப்பு, இரைச்சலாக இருக்க அவ்வளவு வாய்ப்பு என்று ஒரு கணக்குதான். அக்காவுக்கென்றே செய்து வைத்த வேலை.

ஆனால் அப்படி நிறுத்தினால் எதிர்முனையில் இருப்பவர் காதில் ஒன்றுமே கேட்காது. லைன் போய்விட்டது என்று நினைத்து "அலோ, அலோ" என்று கத்த ஆரம்பிப்பார். அதற்காக அவருடைய செட் தானே ஒரு போலி இரைச்சலை உண்டாக்கி அவர் காதில் விட்டுக்கொண்டிருக்கும். பேசுபவர் இருக்கும் இடத்தின் சத்தம் எப்படி இருந்ததோ அதே சாயலில். ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ஆறுதல் இரைச்சல். எங்கள் செட்டில் அந்தப் பகுதியை எழுதியவர் அக்கா.

அக்காவின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் பேச ஆரம்பித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அக்கா இந்த வேலையை அவருக்கு விளக்கிச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப சும்மா இருக்கறதுக்கும் டூப்பு போடறீங்கோ" என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்காரரிடம் இன்னொரு கதையும் உண்டு. வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்வார். "நான் இவள கட்டிக்க ஆசப்பட்டு நேராவே கேட்டேன், என்னைப் புடிச்சிகீதான்னு. இவ இன்னா சொன்னா தெரியுமா? இருக்கலாம்னா. இத்தினி வருசமாச்சி, இன்னும் அதே பதில்தான்." அக்கா உள்ளேயிருந்து, "இன்னும் டேட்டா பத்தல" என்பார். அந்த வீட்டில் சாப்பிடுவதைவிடச் சிரிப்பதுதான் அதிகம்.

போலி செய்வதற்கு நிஜம் வேண்டுமே. அதனால் நாங்கள் இருவரும் ஊரெல்லாம் இரைச்சல் பொறுக்கினோம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், அத்திப்பட்டில் இருபத்து நாலு மணி நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் அனல்மின் நிலையம், காசிமேட்டில் படகுத்துறை. முதலில் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு போனோம். அதைப் பார்த்ததும் படகுத்துறையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையை வாரிக்கொண்டு மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் வந்து, "டிவில எப்போ மேடம் வரும்?" என்று விசாரித்தார். பிறகு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். வயர் கூடையில் மைக்கை வைத்து மேலே முருங்கைக் கீரையைப் போட்டுக்கொண்டு, யாருக்காகவோ காத்திருப்பது போல நிற்பது. கீரை வாடுவதுதான் மிச்சம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படிக் கொண்டுவந்த சத்தத்தை அக்கா துண்டு துண்டாக நறுக்கி, அதன் சராசரி என்ன, எவ்வளவு ஏறி இறங்குகிறது, இந்த நொடிக்கும் அடுத்த நொடிக்கும் என்ன உறவு என்றெல்லாம் கணக்கெடுப்பார். பிறகு அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, தாயக்கட்டை உருட்டுகிற மாதிரி எண்களை உருட்டிப் புதிதாக ஒரு சத்தம் செய்வார். "ஒவ்வொரு துளியும் பொய்டி, மொத்தத்துல நெஜம்" என்பார். ஒருநாள் பூங்காவனத்தையே மாடிக்குக் கூட்டி வந்து, காதில் ஹெட்போனை மாட்டி, நிஜப் படகுத்துறையையும் போலியையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினோம். பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டாவதுதான் எங்க எடம். மொதல்ல போட்டீங்களே, அது எதோ வேற ஊரு."

இரண்டாவதுதான் போலி. அன்றைக்கு அக்காவின் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அக்காவின் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது அதற்குப் பிறகுதான். கிரேனிலிருந்து இறங்கி வந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, "இனிமே பேச மாட்டார்மா, மனசைத் தேத்திக்குங்க" என்றார். அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"மாட்டார்னு எப்படி சார் சொல்றீங்க? பேசற வாய்ப்பு கம்மின்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். மாட்டார்னு சொல்லாதீங்க."

இத்தனை வருஷமாக நான் வழவழா கொழகொழா என்று கேலி செய்த 'இருக்கலாம்' என்னவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கதவைக்கூட முழுக்கச் சாத்த அவருக்கு மனசு வராது.

வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு சத்தம் மிச்சமிருந்தது. வாயை மூடியபடி, அடித்தொண்டையிலிருந்து ஒரு 'ம்ம்'. மூச்சு இருக்கிற வரைக்கும் நீளும், கொஞ்சம் நிற்கும், மறுபடி தொடங்கும். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது. அக்கா மட்டும், இது தண்ணீருக்கு, இது ஃபேனைக் குறைக்க, இது மல்லிகா பேச்சை நிறுத்தச் சொல்கிறார் என்பார். மல்லிகா பக்கத்து வீட்டுக்காரி, பகலில் அவரைப் பார்த்துக்கொண்டவள். "நெஜமாவே புரியுதாக்கா?" என்று கேட்டேன். "புரியலாம்" என்றார். ஆனால் தண்ணீர் கொடுத்ததும் அவர் சத்தம் நின்றதை நானே பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் செட்டுகள் தயாராயின. பக்கத்தில் குடியிருக்கும் ஊழியர்கள் வீட்டில் ஆளுக்கொன்று மாட்டி, அன்றாடம் பேசிப் பார்த்துக் குறை சொல்லுங்கள் என்றார்கள். அக்கா வீட்டிலும் மாட்டினோம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஆபீஸிலிருந்து கூப்பிட்டார். மல்லிகா எடுத்து வீட்டுக்காரர் காதில் வைத்தாள். அக்கா இரண்டு வார்த்தை பேசினார். பிறகு கேட்டார். கேட்கக் கேட்க அக்காவின் முகம் மாறியது.

"மல்லிகா, அவர் சத்தம் குடுக்கலியா?"

"சவுண்டு குடுத்துகினேதான் கீறாரு டீச்சர். உனக்கு கேக்கல?"

'ம்' என்று தொடங்குவது மட்டும் கேட்டதாம், பிறகு தேய்ந்து போய்விட்டதாம். காரணத்தை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே மாதிரி நீண்டுகொண்டு போகிற சத்தம். புரோகிராம் அவரை இரைச்சல் என்று முடிவு கட்டிவிட்டது.

அன்று சாயங்காலமே அக்கா தன் வீட்டுச் செட்டுக்கு மட்டும் புரோகிராமைத் திருத்தினார். சந்தேகம் வந்தால் பேச்சு என்றே எடுத்துக்கொள் என்று. தெருவில் போகிற லாரிச் சத்தம் எல்லாம் சேர்ந்து வந்தது, ஆனால் அவரும் வந்தார். அதன் பிறகு கொஞ்ச காலம் மதிய வேளைகள் நன்றாக இருந்தன. எதிரே நான் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அக்கா போனைக் காதில் இடுக்கிக்கொண்டு தனக்குள் சிரிப்பார். "இன்னிக்கு மல்லிகா ரசம் புடிக்கலியாம்" என்று எனக்குச் செய்தி சொல்வார். உண்மையோ இல்லையோ, அக்காவுக்குச் சாப்பாடு இறங்கியது.

பிறகு கடைசிச் சோதனை வந்தது. எல்லாச் செட்டிலும் ஒரே புரோகிராம் இருக்க வேண்டும், அதில் வரும் முடிவைத்தான் வாங்குகிறவர்களிடம் காட்டப் போகிறோம். எங்கள் மேனேஜர் நல்ல மனிதர். "உங்க வீட்டு செட்டை அப்படியே விட்டுடுங்கம்மா, ஒண்ணுதானே" என்றார். அக்கா கேட்கவில்லை, தன் செட்டிலும் பழைய புரோகிராமையே போடப் போகிறேன் என்றார்.

"ஒண்ணை விட்டோம்னா மத்த எதையும் நம்ப முடியாது சார்."

மாடிப்படியில் வைத்து நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, உனக்கு என்ன பைத்தியமா? யாரு இப்ப உன் வீட்டுக்கு வந்து செட்டைத் தொறந்து பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க. எனக்குத் தெரியுமில்ல." பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், "கொஞ்ச நாள்தானே. டெஸ்ட் முடிஞ்சதும் மாத்திக்கலாம். என் குரல் அவருக்குக் கேக்கும். எனக்கு அந்த ரூம் சத்தம் கேக்கும்."

"அது ரூம் சத்தமாக்கா? நீ எழுதினது."

"ரூமைக் கேட்டுத்தானேடி எழுதியிருக்கு" என்றார்.

அதற்கு மேல் அவரோடு மல்லுக்கு நிற்க முடியவில்லை. அவருடைய அந்த நேர்மை மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. கோபப்பட்டு என்ன, அது இல்லாவிட்டால் அது அக்கா இல்லை.

அந்த மதியம் எல்லா மதியத்தையும் போலத்தான் இருந்தது. மல்லிகா போனை அவர் காதோரம் தலையணைமேல் சாய்த்து வைத்துவிட்டு, தண்ணி லாரி வந்துவிட்டது என்று குடத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். அக்கா அவரிடம் காலையில் பஸ்ஸில் நடந்த ஒரு சண்டையைச் சொன்னார். கண்டக்டர் மாதிரிப் பேசிக் காட்டினார். பிறகு பேச்சை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் மோர் சாதத்துக்கு வந்திருந்தேன். அக்கா வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் மெதுவாக, "தூங்கறார்னு நெனைக்கிறேன்" என்றார். போனை வைக்கவில்லை. அவர் தூங்கும்போதும் லைனில் கூடவே இருப்பது அக்காவின் வழக்கம்தான். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு, மறு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அக்காவின் முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது.

திடீரென்று மல்லிகாவின் குரல் எனக்கே கேட்கிற அளவுக்கு வந்தது.

"டீச்சர், லைன்ல கீறியா? டீச்சர், அவரு மூச்சு வுடல டீச்சர்."

உடனே ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம். அக்கா டிபன் பாக்ஸ் மூடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்திருந்தார். எண்ணூர் சாலையில் லாரிகள் வரிசையாக நின்று வழியை அடைத்துக்கொண்டிருந்தன. நான் டிரைவரிடம் கத்திக்கொண்டே வந்தேன், வேறென்ன செய்வது. வீட்டுக்குப் போனபோது தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். தண்ணீர் பிடிக்கப் போனவள் திரும்பி வருவதற்கு வெகுநேரம் முன்பே உயிர் போயிருக்க வேண்டும் என்றார். மல்லிகா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். "க்யூவுல நின்னுட்டேனே டீச்சர், ரெண்டு குடத்துக்கு நின்னுட்டேனே." அக்கா போய் அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தன் கையை வைத்தார்.

சாயங்காலம், ஆட்கள் கூடி, வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்பக்கச் சந்தில் தண்ணீர் டிரம்களுக்கு நடுவில் அக்கா தனியாக நின்றிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவரே பேசினார்.

"நான் லைன்லதாண்டி இருந்தேன்."

"அக்கா, விடு."

"ஒரே சீரா கேட்டுது. நல்லா மூச்சு விட்டுத் தூங்கறார்னு நெனச்சேன். மூச்சு அப்படி ஒரே சீரா வராதுன்னு எனக்குத் தெரியாதா? ஊருக்கே நான்தானே சொல்லிக் குடுத்தேன்." டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கடைசியா அவர் என்னைக் கூப்பிட்டிருக்கலாம். அதே 'ம்ம்'. அதைப் புரோகிராம் வெட்டியிருக்கும். எனக்கு வந்து சேந்தது நான் எழுதினதுதான்."

கூப்பிடாமலும் இருந்திருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய பாஷையிலேயே ஆறுதல் சொல்லலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத்தான் அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை.

அத்திப்பட்டிலிருந்து வீட்டுக்காரருடைய அம்மா வந்து இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பெரிய மகனோடு இருந்தவர். பேச்சு போன மகனை வாரம் தவறாமல் வந்து பார்த்துவிட்டு, "ஒரு தபா அம்மான்னு சொல்லுடா நைனா" என்று அவன் மோவாயைப் பிடித்துக் கெஞ்சிவிட்டுப் போகிறவர். உள்ளே வந்து மகன் மேல் விழுந்து அழுது ஓய்ந்த பிறகு, தலையைத் தூக்கி அக்காவைத் தேடினார். மதியம் போனில் யார் இருந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நீதான் போன்ல இருந்தியாமே. எம்புள்ள உங்கிட்ட கடைசியா எதனா சொன்னானாம்மா?"

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அக்கா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சொன்னாரு அத்தை. உங்களைத்தான் கேட்டாரு. அம்மா எங்கன்னு கேட்டாரு."

"வாயத் தொறந்தா?"

"வாயத் தொறந்து."

"தெளிவா கேட்டுதா உனக்கு?"

"தெளிவா கேட்டுது."

அந்த அம்மாள் அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "கேட்டானா, என்ன கேட்டானா" என்று அழுதார். அழுகை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் நின்றது. அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே, கேட்ட போதெல்லாம் அதையே திரும்பச் சொன்னார். ஒரு தடவைகூட 'இருக்கலாம்' என்று சொல்லவில்லை.